இடுப்பு ரால்ஃபின் மனைவி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எங்கள் கார்ஹேவனில் அந்தக் காலத்தில் மொத்தம் முப்பத்தாறு வீடுகள். அதில் பதினாலு வீட்டுக்காரர்களின் குடும்பப்பெயர் ஆர்ச்போல்ட். மீதியில் பாதிப் பேர் ரென்னர். போதாக்குறைக்கு வீட்டுக்கொரு ஜான், வீட்டுக்கொரு வில்லியம். அப்புறம் எப்படி ஒருவரை ஒருவர் அடையாளம் சொல்வது? அதனால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தேவாலயத்தோடு சரி, கடற்கரை வைத்த பெயர்தான் கடைசிவரை. தாரு ஜான், ஒத்தைத் துடுப்பு ஜான், கஞ்சி வில்லியம் என்று ஆளாளுக்கு ஒன்று. அப்பனுக்கு வைத்த பட்டப்பெயர் பெண்டாட்டிக்கும் ஒட்டும், பிள்ளைக்கும் ஒட்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

கெஸ்ஸி என்கிற கெசையா ஆர்ச்போல்ட் இருபத்துநாலு வருஷம் 'இடுப்பு ரால்ஃப் பெண்டாட்டி'யாக இருந்தாள். அவள் புருஷனுக்கு இடுப்பில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்தப் பெயர் ஒரே நாளில் உதிர்ந்திருக்கும். சொல்லாமல் இருந்தாள். அவளுடைய கதை இவ்வளவுதான். ஆனால் இதை இரண்டு வரியில் முடித்தால் அவளுக்கு நான் செய்கிற துரோகம் ஆகிவிடும்.

அவள் ரென்னர் வீட்டுப் பெண். எட்டு வயதிலேயே கையில் கத்தியைக் கொடுத்துச் சிப்பி உரிக்க உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் கரையில் ஆம்பளை கடலுக்குப் போவான். அவன் கொண்டுபோகும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு இரை கோர்ப்பது பொம்பளை வேலை. ஒரு கயிற்றுக்கு ஆயிரத்து நானூறு தூண்டில் முள். முள்ளுக்கு இரண்டு சிப்பிச் சதை. கோர்த்த கயிற்றைப் பிரம்புத் தட்டில் சுருள் சுருளாக, இடையிடையே புல் வைத்து அடுக்க வேண்டும். ஒரு சுருள் பிசகினாலும் நடுக்கடலில் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். கெஸ்ஸி அடுக்கிய தட்டில் ஒருநாளும் சிக்கல் விழுந்ததில்லை. கை அத்தனை நிதானம். வாய்தான் நிதானம் கிடையாது. கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது யார் எவர் என்று பார்க்க மாட்டாள். கொட்டித் தீர்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அவளே போய் டீ போட்டுக் கொடுப்பாள்.

ரால்ஃப் நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். "அவங்க வீட்டுல பேச்செல்லாம் அவ எடுத்துக்கிட்டா, பாவம் அவனுக்கு மிச்சமில்ல" என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இனி அந்தச் சாமான் விஷயத்துக்கு வர வேண்டும். சப்பை மூக்கும் சுருட்டை வாலுமாகச் சேற்றில் புரண்டுகொண்டு உறுமுமே, அந்தப் பிராணி. அதன் பெயரைக் கடலோரத்தில் யாரும் சொல்ல மாட்டோம். எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை, சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வளர்க்கிறோம், அறுக்கிறோம், சப்புக்கொட்டிக்கொண்டு தின்கிறோம். பெயர் மட்டும் கூடாது. 'அந்தச் சாமான்' என்போம். சால்மன் மீனைச் 'சிவப்பு மீன்' என்போம், பாதிரியாரைக் 'கறுப்புக் கோட்டுக்காரர்' என்போம், அதெல்லாம்கூடத் தப்பித் தவறி வாயில் வந்தால் பரவாயில்லை. இது அப்படி இல்லை. யாராவது சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொட வேண்டும். படகுக்குப் போகிற வழியில் ஒருவன் காதில் விழுந்துவிட்டாலோ இரும்பும் உதவாது. அவன் வீடு திரும்ப வேண்டும். கூட வருகிறவர்களிடமும் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு அந்தப் படகே தண்ணீரில் இறங்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மூச்சு விடுவதற்குக் காரணம் கேட்கிறோமா என்ன?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, மார்ச் மாதம். கெஸ்ஸியின் தங்கை லிடியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உள்நாட்டில், ரோத்பரிப் பக்கம், பண்ணைக்காரன். பண்ணைக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் எப்போதுமே மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அதனாலேயே கெஸ்ஸி மூன்று மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். நீல நிறத்தில் ஒரு தொப்பி வாங்கினாள். ரால்ஃபின் நீல சூட்டைத் துவைத்துத் தேய்த்து மாட்டி வைத்தாள். அவன் பக்கத்தில் நிற்க, தான் நிற்க, அவர்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வருகிறேன் என்று அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் எட்டு நாள் கடல் கொந்தளித்துக்கொண்டே இருந்தது. ஒரு படகும் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், சரியாகக் கல்யாணத்தன்று, விடியும்போது கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. கெஸ்ஸி கண் விழித்தபோது ரால்ஃப் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"அப்பா வந்து கதவத் தட்டினாரு. ஹாடக் மீனு குமிஞ்சு கெடக்குதாம். எல்லாப் படகும் போகுது."

"நீ வாக்குக் குடுத்த, ரால்ஃப்."

"குடுத்தேன். எட்டு நாளா கடலு விடலியே, நான் என்ன செய்ய?"

"உங்கப்பா போகட்டும்."

"ஒரு படகுக்கு மூணு பேரு வேணும், ஹின்னி." பிரியமானவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். "சாயங்காலத்துக்குள்ள வந்துர்றேன். வந்து நேரா அங்க—"

"சாயங்காலம் வந்து என்ன, எச்சித்தட்டு கழுவவா? அந்தப் பண்ணைக்காரிங்க நடுவுல நான் ஒத்தையா நிக்கணும். மீன்காரிக்குப் புருஷன்கூடத் தொணைக்கு வரலன்னு சிரிப்பாளுங்க."

ரால்ஃப் லேசாகச் சிரித்தான். சமாதானப்படுத்தத்தான் சிரித்தான், பாவி. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஏறிவிட்டது. அவன் பிரம்புத் தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். இரண்டு எட்டு வைத்திருப்பான். கெஸ்ஸி வாசலில் நின்று அந்தப் பிராணியின் பெயரைச் சொன்னாள். தெளிவாக, அவன் காதில் விழுகிறமாதிரி, மூன்று தடவை.

அவன் நின்றான். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

"இத நான் வெளிய எப்படிச் சொல்றது? எம் பொண்டாட்டியே சொன்னான்னா?"

அவன் எழுந்து வெளியே போனான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு சொல்லியாச்சு. எனக்குப் பதிலா கத்பர்ட் போறான்."

கத்பர்ட் அவன் தம்பி. இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சரக்குக் கப்பலில் நாலு வருஷம் சுற்றிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன்.

"அப்ப நீ கல்யாணத்துக்கு வரலாம்ல?" என்றாள் கெஸ்ஸி. கேட்டுத் தொலைத்தாளே, அதைத்தான் பிற்பாடு அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"இடுப்பு புடிச்சவன் பஸ்ஸு ஏறிக் கல்யாணத்துக்குப் போறத ஊரு பாக்கட்டும்னா? நீ போயிட்டு வா."

அந்தப் படகு இறங்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கடற்கரைக்கு நூற்றைம்பது எட்டு. ஓடிப்போய் மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? 'நான்தான் சொன்னேன், என் புருஷனைத் தடுக்கத்தான் சொன்னேன்' என்றா? அதைச் சொல்லிவிட்டு அந்த ஊரில் எந்த வாசலில் போய் நிற்பது? கடலும் அமைதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கல்யாண விருந்தில் நடு மேஜையில் அந்தச் சாமானின் தொடைக்கறியை மெல்லிசாகச் சீவி அடுக்கியிருந்தார்கள். கெஸ்ஸி இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாள். தொப்பி நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள். புருஷனுக்கு இடுப்பு வலி என்று கெஸ்ஸி பத்துப் பேரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது.

சாயங்காலம் ஐந்தரைக்கு பஸ் கார்ஹேவன் முக்கில் நின்றது. இறங்கியதும் அவள் பார்த்தது ஜன்னல்களை. வரிசையாக எல்லா வீட்டிலும் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. கெஸ்ஸி தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

நடந்ததை அவள் பிறகு துண்டுதுண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மத்தியானம் காற்று கிழக்கே திரும்பியிருக்கிறது. துறைமுக வாயிலில் மணல் திட்டுக்கு மேலே அலை எழும்பி உடைய ஆரம்பித்திருக்கிறது. மற்ற படகுகள் எப்படியோ உள்ளே வந்துவிட்டன. ஆர்ச்போல்ட் படகு திட்டின்மேல் வரும்போது பின்னாலிருந்து ஓர் அலை தூக்கிக் குறுக்கே திருப்பிவிட்டது. ரால்ஃபின் அப்பா கிழவர் எஃப்ராயிமையும் இன்னொருவனையும் கயிறு வீசி இழுத்தார்கள். கத்பர்ட் பூட்ஸில் தண்ணீர் நிறைந்து கீழே போய்விட்டான். கரையிலிருந்து பார்க்கிற தூரம்தான்.

ரால்ஃப் வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறான். படிக்கட்டை நாலு நாலாகத் தாண்டி, பாறைமேல் குதித்து, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூன்று பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போடுகிறவரை திமிறியிருக்கிறான். ஊரே பார்த்தது. காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டவன் சாயங்காலம் இப்படி ஓடியதையும் ஊரே பார்த்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போக நடித்தான் என்றார்கள். அப்படியானால் ஏன் போகவில்லை என்று யாரோ கேட்டதற்கு, கடலைக் கண்டு பயந்துவிட்டான், தம்பியை அனுப்பிவிட்டான் என்றார்கள். கத்பர்ட்டின் உடல் பதினோரு நாள் கழித்துத் தெற்கே ஒதுங்கியது. அடக்கம் முடிந்து திரும்புவதற்குள் ரால்ஃபுக்கு 'இடுப்பு' என்ற பெயர் விழுந்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

கெஸ்ஸி அன்று சாயங்காலமே சொன்னாள். "நான் போயி சொல்லிடறேன் ரால்ஃப். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

நனைந்த துணியோடு கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான். "வேணாம். உன்ன உசுரோட விடமாட்டாங்க."

அவன் சொன்னதும் சரிதான். வாய் தவறி வந்துவிட்டது என்றால்கூட ஊர் மன்னிக்கும். வேண்டுமென்றே சொன்னவளை எப்படி மன்னிக்கும், அதுவும் ஒரு உயிர் போன பிறகு? கெஸ்ஸி பேசாமல் உள்ளே போனாள். அவளுக்குள் கொஞ்சம் நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக அவள் தன்னையே வாழ்நாள் முழுக்க வெறுத்தாள்.

அதன்பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் வரவே இல்லை. ரால்ஃப் அவளை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. முன்னைப் போலவே வேலைக்குப் போனான், வந்தான். கிழவர் எஃப்ராயிம் மட்டும் அவனைத் தன் படகில் ஏற்றவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கி இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார். சாகிறவரை கேட்டார். "பரவால்லப்பா" என்று ரால்ஃப் பதில் சொல்வான். கெஸ்ஸி பக்கத்தில் இருந்தால் தரையைப் பார்ப்பாள்.

ரால்ஃப் வேறொருவர் படகில் சேர்ந்தான். கரைக்கு வந்ததும் தன் பங்கிலிருந்து இரண்டு மீனை எடுத்துக்கொண்டு முதலில் மெக் வீட்டுக்குப் போவான். மெக்தான் கத்பர்ட்டின் மனைவி. பிள்ளை இல்லை, மறுபடி கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மீன் புகை போடும் கொட்டகையில் வேலை. தெருவில் கெஸ்ஸியைப் பார்த்தால், "என்ன ஹின்னி, சாப்பிட்டியா?" என்று நின்று பேசுவாள். ஊரில் யார் திட்டியிருந்தாலும் கெஸ்ஸி தாங்கியிருப்பாள், மெக் பிரியமாகப் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை. இவளுக்கு மட்டும் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா என்று நினைத்து நினைத்துச் சாவாள். எதிரே மெக் வருவது தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

மகன் ஐசக்குக்கு ஒன்பது வயதானபோது, ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து உதடு கிழிந்து வந்தான். "எல்லாரும் என்ன 'இடுப்பு மவனே'ங்கறாங்க. அப்பா கடலுக்குப் பயந்தவராம். நெசமாம்மா?"

"போயி மூஞ்சியக் கழுவு" என்றாள் கெஸ்ஸி.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். ஐசக் கடல்பக்கமே போகவில்லை. பதினாறு வயதில் டைன் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான். அப்பாவிடம் அதிகம் பேச மாட்டான்.

ஐம்பத்தெட்டில், இலையுதிர் காலத்தில், ஹோல்ராய்டு என்று ஒருவர் ஊருக்கு வந்தார். எங்கேயோ ஒரு கல்லூரியில் ஆசிரியர். கடலோரத்து ஜனங்கள் பேசும் சொற்களைச் சேகரிக்கிறாராம். கையில் டேப் ரெக்கார்டர், கேள்விகள் எழுதிய தடிமனான நோட்டு, படம் ஒட்டிய அட்டைகள். எங்கள் பேச்சுக்காகப் பள்ளிக்கூடத்தில் முட்டி பெயர்கிற அளவுக்கு அடி வாங்கியவர்கள் நாங்கள். அதைக் கேட்க ஒருவர் ரயிலேறி வருகிறார் என்றால் நம்பவே கஷ்டமாக இருந்தது. யாரிடம் கேட்பது என்று அவர் கடையில் விசாரித்தபோது, "இடுப்பு ரால்ஃப்கிட்ட போங்க சார், பழைய ஆளு, வீட்டுலயேதான் இருக்காரு" என்று அனுப்பிவிட்டார்கள். ரால்ஃபுக்கு அப்போது நெஞ்சுச் சளி ஆரம்பித்திருந்தது. கடலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷமாகியிருந்தது.

ரால்ஃபுக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போய்விட்டது. மூன்று நாள் வந்தார். கெஸ்ஸி டீ போட்டுக்கொண்டே இருந்தாள்.

"கடல் மேல வெள்ளையா ஒரு மூட்டம் வந்து படியுதே, அத என்னன்னு சொல்வீங்க?"

"ஃப்ரெட்."

"அது மழை மாதிரி இருக்குமா, புகை மாதிரி இருக்குமா?"

"ஃப்ரெட் மாதிரி இருக்கும்."

ஹோல்ராய்டு சிரித்துக்கொண்டே எழுதினார். "சேத்துக்கு?"

"கிளார்ட்ஸ்."

"தண்ணில கால நனைச்சுக்கிட்டு நடக்கறதுக்கு?"

"பிளாட்ஜ். இன்னிக்கி வரும்போது செஞ்சியே தம்பி, அந்த நல்ல சப்பாத்தோட. அதான்."

கெஸ்ஸிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்த வீட்டில் அவ்வளவு பேச்சுக் கேட்டதில்லை. ரால்ஃபுக்குள் இத்தனை வார்த்தை இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஹோல்ராய்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் அந்தச் சாமானின் படம். ரால்ஃப் பார்த்தான். அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கையை நீட்டிக் கணப்பின் இரும்புக் கம்பியைத் தொட்டான்.

"அந்தச் சாமான்," என்றான்.

"அப்படித்தான் சொல்வீங்களா? வேற பேரு?"

"அது உள்நாட்டு ஆளுங்களுக்கு. எங்களுக்கு இது."

ஹோல்ராய்டுக்குப் பரமசந்தோஷம். அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார். பிறகு, பேச்சோடு பேச்சாக, பட்டப்பெயர்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். தாரு ஜானுக்கு ஏன் அந்தப் பெயர், கஞ்சி வில்லியத்துக்கு ஏன் என்று ரால்ஃப் சொல்லிக்கொண்டே வந்தான்.

"உங்கள எல்லாரும் இடுப்பு ரால்ஃப்ங்கறாங்களே. தப்பா நெனைக்காதீங்க. அது எப்படி வந்துச்சு?"

ரால்ஃப் திரும்பிக் கெஸ்ஸியைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் வருகிறாரா என்று பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அவளத்தான் கேக்கணும்," என்றான். "அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."

கெஸ்ஸி கையில் கெட்டில். இப்போது சொல்லிவிடலாம், இந்த ஆள் வெளியூர்க்காரர், யாருக்கும் தெரியப் போவதில்லை, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ஆனால் அந்த டேப் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஏறிய பேச்சு யார் யார் காதுக்குப் போகுமோ? மெக் காதுக்குப் போனால்?

"ஒரு தடவ இடுப்பு புடிச்சிக்கிச்சு. அவ்வளவுதான்," என்றாள். "டீ ஆறுது, குடிங்க."

"அவ்வளவுதான்," என்றான் ரால்ஃபும். கோப்பையை எடுத்துக்கொண்டான். அதன்பிறகு ஹோல்ராய்டு கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. ரால்ஃப் களைத்துப்போய்விட்டான் என்று நினைத்து ஹோல்ராய்டு பெட்டியை மூடினார்.

ஜனவரியில் ரால்ஃப் படுக்கையில் விழுந்தான். நெஞ்சு முழுக்கச் சளி. நாலு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தினால்தான் மூச்சு விட முடிந்தது. மெக் தினமும் காலையில் கொட்டகைக்குப் போகும் முன்னால் கஞ்சி கொண்டு வருவாள். கெஸ்ஸி அடுப்படிக்குப் போய்விடுவாள். உள்ளே அவர்கள் ஏதோ தணிந்த குரலில் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவது கேட்கும். என்ன என்று கெஸ்ஸி கேட்டதில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் ஊருக்குச் சொல்லவும் இன்றைக்கு, நாளைக்கு என்று அவள் நாள் குறித்துக்கொண்டே இருந்தாள். நல்ல மூச்சு வரட்டும், ஐசக் வரட்டும், காய்ச்சல் இறங்கட்டும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம், அவள் துணி காயப்போடக் கொல்லைக்குப் போன நேரத்தில் ரால்ஃப் போய்விட்டான்.

அடக்கம் நடந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் இளவட்டங்கள். அவர்களில் ஒருவன், கெட்ட எண்ணத்தில் இல்லை, பாரத்தைத் தோள் மாற்றும்போது பக்கத்தில் இருந்தவனிடம், "இடுப்புக்கு இனிமே வலி இருக்காது" என்றான். அது கெஸ்ஸியின் காதில் விழுந்தது. அந்தப் பெயர் ஏன் வந்தது என்றே அவனுக்குத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது.

எட்டாம் நாள், மத்தியானம், கெஸ்ஸி மெக் வீட்டுக் கதவைத் தட்டினாள். இருபத்துநாலு வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறுவது முதல் தடவை. மெக் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் புகைக்கறை.

"வா கெஸ்ஸி. உக்காரு."

"உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா சொல்ல மாட்டேன்." மூச்சு விடாமல் சொன்னாள். கல்யாணம், தொப்பி, அவன் சிரித்தது, அவள் மூன்று தடவை சொன்னது, பஸ். எல்லாவற்றையும் சொன்னாள். "அவருக்கு இடுப்பும் இல்ல, ஒன்னும் இல்ல. நாந்தான். உம் புருஷனக் கொன்னது நாந்தான் மெக்."

மெக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தெரியும்," என்றாள்.

கெஸ்ஸி உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே தெரியும். ரால்ஃப் நேரா இங்கதான் வந்தாரு. இந்தக் கதவண்ட நின்னு கத்பர்ட்கிட்ட உள்ளத அப்படியே சொன்னாரு. 'கெஸ்ஸி சொல்லிட்டா, படகு போகக் கூடாது. அப்பாவ எப்படியாவது நிறுத்து, அவ பேரு மட்டும் வெளிய வரக் கூடாது'ன்னு. நான் அடுப்பண்டதான் நின்னுக்கிட்டிருந்தேன். கத்பர்ட் சிரிச்சான். கப்பல்ல சுத்தினவன் இல்ல? 'கப்பல்ல நான் அந்தச் சாமானத் தெனம் பேரு சொல்லிக் கேட்டு வாங்கித் தின்னவன் அண்ணே, ஒன்னும் ஆகல. இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கறேன், நீ போயி படு'ன்னு பூட்ஸ மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். அவனாதான் போனான். யாரும் அனுப்பல."

"அப்ப... இத்தன வருஷம் ஏன் நீ வாயே தொறக்கல?"

"ரால்ஃப் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'நீ சொல்லாத மெக், அவளே வந்து சொல்லுவா. சொல்லிட்டான்னா அவ பாரம் எறங்கிடும். கத்பர்ட் தானாத்தான் போனான்னு அப்ப நீ அவகிட்ட சொல்லு'ன்னாரு. நீ என்னடான்னா என்னப் பாத்தாலே சந்துக்குள்ள ஓடுவ."

"நான் அன்னிக்கே சொல்றேன்னு சொன்னேனே. அவருதான வேணாம்னாரு!"

"ஆமா. வேணாம்னாரு. நீ ரெண்டாந்தடவ கேட்டியா?"

இல்லை என்று கெஸ்ஸி தலையாட்டினாள்.

"மீனு குடுக்க வரப்பல்லாம் வாசல்லயே நின்னு கேப்பாரு," என்றாள் மெக். "'ஏதாச்சும் சொன்னாளா?' இல்லம்பேன். 'சரி, சொல்லுவா'ன்னுட்டுப் போயிடுவாரு. படுக்கைல விழுந்தப்பறமும் அதான். நான் கஞ்சி எடுத்துக்கிட்டு உள்ள வந்தா மொதக் கேள்வி அதான்."

மெக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கடைசி நாள் காலைல அவருக்குப் பேச்சு வரல. கையப் புடிச்சுக்கிட்டு கண்ணால கேட்டாரு. எனக்குப் பொறுக்கல கெஸ்ஸி. சொல்லிட்டான்னு பொய் சொன்னேன்."

கெஸ்ஸி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு சந்தோஷப்பட்டாரு," என்றாள் மெக்.